குடும்பமே லைனில்: ஊரில் உள்ள டாக்டரிடம் கான்ஃபரன்ஸ் காலில் பேசுவது எப்படி?

ரோலாவில் வசிக்கும் நம் குடும்பங்களில் வயதான பெற்றோர் ஊரில் இல்லாத வீடு குறைவு. அம்மா திருச்சியில், அண்ணன் சிங்கப்பூரில், தங்கை டொராண்டோவில், நாம் ஷார்ஜாவில் என்று குடும்பம் நாலு திசையிலும் பரவிக் கிடக்கிறது. அம்மாவுக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் எல்லோரும் ஒரே நேரத்தில் டாக்டரிடம் பேச வேண்டும். அதற்கு நமக்குக் கிடைத்திருக்கும் கருவிதான் கான்ஃபரன்ஸ் கால்.

ஒரு காலத்தில் வெள்ளிக்கிழமை தோறும் போன் பூத் வாசலில் கார்டும் கையுமாக வரிசையில் நின்றோம். அதற்கும் முன்னால் பேசிப் பதிவு செய்த கேசட்டை ஊருக்குப் போகிறவரிடம் கொடுத்தனுப்பினார்கள் மூத்த அன்பர்கள். இன்று அலுவலக மேசைப் போனில் ஒரு பட்டனை அமுக்கினால் மூன்று நாடுகள் சேர்ந்துவிடுகின்றன. மருத்துவத்துக்கே இது புதிதல்ல. ஆந்திராவின் அரகொண்டா கிராமத்தில் 2000ஆம் ஆண்டு மார்ச் மாதம் அப்போலோ மருத்துவமனை தொலைமருத்துவ சேவையைத் தொடங்கியது. அதன் பிறகு கிராமத்து நோயாளியும் நகரத்து நிபுணரும் நேரில் சந்திக்காமலே பேசிக்கொள்வது நம் நாட்டில் பழகிப்போன ஒன்றாகிவிட்டது.

ஆனால் லைன் கிடைத்துவிட்டால் போதுமா? ஐந்து பேர் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். டாக்டர் சொன்னது ஒருவருக்கு ஒரு மாதிரியும் இன்னொருவருக்கு வேறு மாதிரியும் காதில் விழுகிறது. போனை வைத்த பிறகு "மாத்திரையை நிறுத்தச் சொன்னாரா, குறைக்கச் சொன்னாரா?" என்று குடும்பத்துக்குள் வாதம் நடக்கிறது. இதில் பிழை நேர்ந்தால் அனுபவிப்பது ஊரில் படுத்திருக்கும் அம்மாதான். எனவே இந்த இதழில் கான்ஃபரன்ஸ் காலை உடல்நல விஷயமாகவே எடுத்துக்கொண்டு எழுதுகிறோம்.

அவசரம் என்றால் கான்ஃபரன்ஸ் வேண்டாம்

முதலில் இதை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், வாய் கோணல், ஒரு பக்கம் கை கால் விழுந்து போதல், பேச்சுக் குழறல், நினைவு தப்புதல் ஆகிய எதுவாக இருந்தாலும் எல்லோரையும் லைனில் சேர்க்கும் வேலை வேண்டாம். மூளையில் ரத்தக் கட்டி அடைத்து வரும் பக்கவாதத்துக்கு, கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதிலும் முந்தினால் பலன் அதிகம். "அண்ணன் போனை எடுக்கட்டும், தங்கை விழித்துக்கொள்ளட்டும்" என்று காத்திருக்கும் அரை மணி நேரம் மூளைக்கு நஷ்டம்.

இன்னொன்றும் உண்டு. ஷார்ஜாவிலிருந்து 108ஐச் சுழற்றினால் தமிழ்நாட்டு ஆம்புலன்ஸ் வராது. அது அங்கே உள்ளவர்கள் அழைக்க வேண்டிய எண். ஆகவே அம்மா வீட்டுக்குப் பக்கத்து வீட்டார் இருவரின் எண்களும், அருகிலுள்ள மருத்துவமனையின் முழு எண்ணும் உங்கள் போனில் இருக்க வேண்டும். ஊர் எஸ்டிடி கோடின் முன்னால் வரும் பூஜ்யத்தை விட்டுவிட்டு 0091 சேர்த்துச் சுழற்ற வேண்டும். சென்னைக்கு 0091 44, மதுரைக்கு 0091 452, திருச்சிக்கு 0091 431. அவசரம் என்று தெரிந்தால் பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டு, "அண்ணே, முதல்ல 108க்குப் போன் போடுங்க, மத்ததை அப்புறம் பேசிக்கலாம்" என்று சொல்லுங்கள். பெற்றோர் விசிட் விசாவில் இங்கே வந்திருந்தால் ஆம்புலன்ஸுக்கு 998, போலீசுக்கு 999.

யார் பேசுவது, யார் கேட்பது?

பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்பார்கள். பல குரல் கேட்ட டாக்டரின் நிலையும் அதுதான். அழைப்புக்கு முன்பே குடும்பத்துக்குள் நான்கு பொறுப்புகளைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதலாமவர், டாக்டரிடம் பேசுபவர். கேள்விகளை இவர் ஒருவரே கேட்பார். மற்றவர்கள் தங்கள் கேள்விகளை முன்கூட்டியே இவருக்கு எழுதி அனுப்பிவிட வேண்டும். சம்பளம் அதிகம் வாங்குகிறவர்தான் பேச வேண்டும் என்பதில்லை. அம்மாவின் நோய் வரலாறு யாருக்கு நன்றாகத் தெரியுமோ அவர் பேசட்டும்.

இரண்டாமவர், எழுதுபவர். மருந்து, அளவு, அடுத்த பரிசோதனை, மறுபடி பார்க்க வேண்டிய தேதி ஆகியவற்றைக் குறித்துக்கொள்வதுதான் இவர் வேலை.

மூன்றாமவர், அம்மாவின் பக்கத்தில் இருப்பவர். மருந்துச் சீட்டும் ரிப்போர்ட்டும் இவர் கையில் இருக்க வேண்டும். சொந்தக்காரர் யாரும் இல்லாவிட்டால் நம்பிக்கையான அண்டை வீட்டாரோ வீட்டோடு இருக்கும் உதவியாளரோ இருக்கலாம்.

நான்காமவர், லைனைக் கவனிப்பவர். இணைப்பவர், அறுந்தால் மறுபடி இணைப்பவர் இவரே. இவரும் பேசுபவரும் ஒரே ஆளாக இல்லாமல் இருந்தால் நல்லது.

மற்ற எல்லோரும் மியூட்டில் இருந்து கேட்டால் போதும். மாமா, சித்தப்பா, மருமகன் எல்லோரும் கலந்துகொள்ள விரும்புவது அன்பினால்தான். டாக்டர் லைனை விட்டுப் போன பிறகு அவர்கள் மனம் விட்டுப் பேச நேரம் ஒதுக்குங்கள். யாருக்கும் மனத்தாங்கல் வராது.

எந்த நேரத்தில் கூப்பிடுவது?

நமக்கும் இந்தியாவுக்கும் ஒன்றரை மணி நேர வித்தியாசம். இங்கே மாலை 6 மணி என்றால் ஊரில் 7.30, சிங்கப்பூரில் இரவு 10. லண்டனில் குளிர்காலத்தில் பகல் 2, கோடையில் 3. டொராண்டோவில் குளிர்காலத்தில் காலை 9, கோடையில் 10. யாரையும் தூக்கத்தில் எழுப்பாமல் ஐந்து இடங்களும் சேரக்கூடிய நேரம் இதுதான். அமீரகத்திலும் இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் கடிகாரத்தை மாற்றுவதில்லை. பிரிட்டனிலும் கனடாவிலும் மார்ச் மாதத்திலும், பிறகு அக்டோபர் கடைசியிலோ நவம்பர் தொடக்கத்திலோ மாற்றுவார்கள். அந்த வாரங்களில் நேரத்தைச் சொல்லும்போது "ஷார்ஜா நேரம் 6 மணி" என்று ஊர்ப் பெயரைச் சேர்த்தே சொல்லுங்கள்.

ஷார்ஜாவில் 2022 ஜனவரி முதல் அரசு அலுவலகங்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாட்கள் விடுமுறை. ஊரில் வெள்ளியும் சனியும் பெரும்பாலான டாக்டர்களுக்கு வேலை நாட்கள். ஞாயிறன்று பல கிளினிக்குகள் மூடியிருக்கும். எனவே நமக்கு விடுமுறையாகவும் அங்கே வேலை நாளாகவும் இருக்கும் நாளைப் பிடித்துக்கொள்வது லாபம். மருத்துவமனையில் சேர்த்திருந்தால், "குடும்பத்தாரிடம் டாக்டர் எந்த நேரத்தில் பேசுவார்?" என்று வார்டு நர்ஸிடம் முதல் நாளே கேட்டு வையுங்கள். ஐசியூவில் பெரும்பாலும் இதற்கென்று ஒரு நேரம் வைத்திருப்பார்கள். அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவர் தன் போனிலிருந்து நம்மைச் சேர்த்தால் போதும். ரவுண்ட்ஸ் நடுவில் டாக்டரை ஐந்து பேர் தனித்தனியே கூப்பிடுவதை விட இது எவ்வளவோ மேல்.

அலுவலகப் போனில் இணைக்கும் முறை

கடையிலோ அலுவலகத்திலோ இருக்கும்போதுதான் பல நேரம் ஊர் மருத்துவமனையிலிருந்து அழைப்பு வருகிறது. மேனேஜரிடம் நிலைமையைச் சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டு பேசுங்கள். பல கம்பெனிகளில் எக்ஸ்டென்ஷன்களுக்கு வெளிநாட்டு அழைப்பு பூட்டப்பட்டிருக்கும். ரிசப்ஷன் வழியாகத்தான் லைன் கிடைக்கும். சில இடங்களில் பேச்சு பதிவாகும் என்பதையும் நினைவில் வையுங்கள். அம்மாவின் நோய் விவரம் எல்லோர் காதிலும் விழ வேண்டியதில்லை. முடிந்தால் மீட்டிங் ரூம் போனைப் பயன்படுத்துங்கள்.

போன் கம்பெனிக்குக் கம்பெனி பட்டன்கள் மாறும். ஆனால் முறை பெரும்பாலும் ஒன்றுதான்.

1. முதல் ஆளிடம் பேச்சைத் தொடங்குங்கள். "இன்னொருவரைச் சேர்க்கிறேன், ஒரு நிமிஷம் சத்தம் வராது, வைத்துவிடாதீர்கள்" என்று சொல்லுங்கள்.

2. கான்ஃபரன்ஸ் பட்டனை அமுக்குங்கள். முதல் ஆள் ஹோல்டில் போவார், உங்களுக்கு டயல் டோன் கேட்கும். பழைய போன்களில் கான்ஃபரன்ஸ் பட்டன் இருக்காது. ஃபிளாஷ் பட்டனை அமுக்கி, அந்த எக்ஸ்சேஞ்சுக்கு உரிய கோடைப் போட வேண்டும்.

3. வெளி லைனுக்கு உரிய 9 அல்லது 0 அமுக்கி, அடுத்தவர் எண்ணைச் சுழற்றுங்கள். அவர் எடுத்து, குரல் சரியாகக் கேட்கிறது என்று தெரிந்த பிறகே அடுத்த படிக்குப் போங்கள். மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே இணைத்தால் எல்லோருக்கும் மணிச் சத்தம்தான் கேட்கும்.

4. மறுபடி கான்ஃபரன்ஸ் பட்டனை அமுக்குங்கள். மூவரும் சேர்ந்துவிடுவீர்கள்.

இதில் கவனிக்க வேண்டியவை சில. பல சிறிய எக்ஸ்சேஞ்சுகளில் மூன்று பேர்தான் எல்லை. நாலாவது ஆளைச் சேர்க்க முடியாது. வெளியாள் இருவரைச் சேர்த்தால் அலுவலகத்தின் இரண்டு வெளி லைன்கள் அடைபட்டுவிடும். மொத்தமே இரண்டு லைன்கள் உள்ள கடையென்றால் அந்த நேரம் முழுவதும் வாடிக்கையாளருக்கு எங்கேஜ்டு டோன்தான். அதனால் பேச்சைச் சுருக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஹோல்டும் மியூட்டும் ஒன்றல்ல என்பது அடுத்தது. கான்ஃபரன்ஸ் நடுவில் உங்களை யாராவது கூப்பிட்டால் ஹோல்டு பட்டனை அமுக்காதீர்கள். உங்கள் எக்ஸ்சேஞ்சில் ஹோல்டு மியூசிக் இருந்தால், டாக்டர் பேசிக்கொண்டிருக்கும்போது எல்லோர் காதிலும் பாட்டு ஓடத் தொடங்கிவிடும். நீங்கள் திரும்பி வரும் வரை அதை யாராலும் நிறுத்த முடியாது. மியூட் அமுக்கினால் உங்கள் குரல் மட்டும் அடங்கும், பேச்சு தொடரும்.

பல போன்களில் இணைத்தவர் வைத்துவிட்டால் மற்றவர்களின் தொடர்பும் அறுந்துபோகும். எனவே இணைத்தவர் கடைசியாக வைக்க வேண்டும். ஒரே அறையில் இரண்டு பேர் இரண்டு போனில் ஸ்பீக்கர் போட்டால் கீச்சென்று சத்தம் வரும். ஒரு போன் போதும்.

கைபேசியும் இணையமும்

கைபேசியில் முதல் ஆளிடம் பேசும்போதே "ஆட் கால்" அமுக்கி அடுத்தவரைக் கூப்பிட்டு, பிறகு "மெர்ஜ்" அமுக்கினால் சேர்ந்துவிடும். கம்பெனி அனுமதித்தால் உங்களையும் சேர்த்து ஆறு பேர் வரை பேசலாம். ஆனால் நீங்கள் கூப்பிட்ட ஒவ்வொரு லைனுக்கும் உங்கள் கணக்கில்தான் காசு ஏறும். மூன்று நாடுகளை இணைத்தால் மூன்று சர்வதேச அழைப்புகளுக்கான கட்டணம்.

இணைய வழி அழைப்பில் அமீரகத்துக்கு என்று தனி விதி உண்டு. வாட்ஸ்அப்பில் எழுத்தும் குரல் பதிவும் படமும் போகும். ஆனால் அதன் குரல் அழைப்பை இங்கே நம்பி ஏற்பாடு செய்யாதீர்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் அனுமதித்த செயலிகளில்தான் பேச வேண்டும். போட்டிம், டீம்ஸ், ஜூம், கூகுள் மீட் போன்றவை அந்த வகை. பட்டியல் அவ்வப்போது மாறுவதால் உங்கள் தொலைபேசி நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். விபிஎன் போட்டு விதியைத் தாண்டலாம் என்று நண்பர்கள் சொல்வார்கள். குற்றம் செய்வதற்காக இணைய முகவரியை மறைப்பதற்கு 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹாம் வரை அபராதமும் சிறையும் உண்டு. அம்மாவின் பிரஷரைக் கேட்கப் போய் நம் பிரஷர் ஏற வேண்டாம். அதே போல், மற்றவர் சம்மதம் இல்லாமல் பேச்சைப் பதிவு செய்வதும் இங்கே குற்றம். டாக்டரிடம் கேட்டு, அவர் சரி என்றால் மட்டும் பதிவு செய்யுங்கள்.

டாக்டரிடம் நாலு வரியில்

டாக்டர் லைனுக்கு வந்ததும் "அம்மா எப்படி இருக்காங்க?" என்று தொடங்கினால் "பரவாயில்லை" என்ற பதிலோடு முடிந்துவிடும். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் பிறந்து, பிறகு மருத்துவமனைகளுக்கு வந்த ஒரு முறை இருக்கிறது. முதலில் இப்போதைய நிலை, அடுத்து பின்னணி, அடுத்து நமக்குத் தோன்றுவது, கடைசியில் நம் கேள்வி. நர்ஸ்கள் டாக்டரிடம் போனில் பேசுவதற்காக உருவான இந்த நாலு வரி நமக்கும் உதவும்.

"வணக்கம் டாக்டர். நான் ஷார்ஜாவிலிருந்து மூத்த மகள் பேசுகிறேன். லைனில் என் அண்ணனும் தங்கையும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அம்மாவுக்கு இரண்டு நாளாகக் கால் வீங்கியிருக்கிறது. பத்து வருஷமாகச் சர்க்கரை, ஐந்து வருஷமாகப் பிரஷர். போன வாரம் ஒரு மாத்திரை மாற்றினார்கள், அதற்குப் பிறகுதான் வீக்கம் என்று நினைக்கிறோம். அந்த மாத்திரையைத் தொடரலாமா, நேரில் கூட்டி வர வேண்டுமா?"

இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். லைனில் யார் யார் இருக்கிறார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டதைக் கவனியுங்கள். ஒளிந்திருந்து யாரும் கேட்கக் கூடாது. அது டாக்டருக்கும் அம்மாவுக்கும் நாம் காட்டும் மரியாதை.

கடைசி ஒரு நிமிடம் திருப்பிச் சொல்வதற்கு. "நீங்கள் சொன்னதை ஒரு முறை திருப்பிச் சொல்கிறேன் டாக்டர், தப்பு இருந்தால் சொல்லுங்கள்" என்று எழுதியவர் படிக்க வேண்டும். இதற்கு எந்த டாக்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

எண்ணிலும் பெயரிலும் ஏமாறாதீர்கள்

பல நாடுகள் சேரும் அழைப்பில் மிகப் பெரிய குழப்பம் இங்கேதான் வருகிறது. மதுரையில் உள்ள அண்ணன் "அம்மாவுக்குச் சர்க்கரை 180" என்கிறார். லண்டன் தங்கை "என் வீட்டுக்காரருக்கு 10 தான்" என்கிறார். இரண்டும் ஒரே அளவு! இந்தியாவில் மில்லிகிராம் கணக்கு, பிரிட்டனிலும் கனடாவிலும் மில்லிமோல் கணக்கு. மில்லிமோலை 18 ஆல் பெருக்கினால் நம் ஊர் எண் வரும். சிறுநீரகத்துக்கான கிரியாட்டினினும் இப்படித்தான். ஊரில் 1.5 என்பது அங்கே ஏறக்குறைய 133. மூன்று மாத சர்க்கரைப் பரிசோதனையில் ஊரில் 7 சதவீதம் என்பது பிரிட்டனில் 53. அதனால் எண்ணைச் சொல்லும்போது அலகையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஆங்கிலத்தில் ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் போனில் ஒன்று போலவே கேட்கும். இன்சுலின் அளவில் 15க்குப் பதில் 50 போட்டால் உயிருக்கே ஆபத்து. "ஒன்று, ஐந்து, பதினைந்து யூனிட்" என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லிச் சரிபாருங்கள்.

இன்சுலினில் இன்னொரு கண்ணி உண்டு. ஊரில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட். அமீரகத்தில் கிடைப்பது 100 யூனிட். சிரிஞ்சும் அதற்கேற்ப மாறும். ஊரிலிருந்து வந்த பெற்றோர் 40க்கான சிரிஞ்சில் இங்கே வாங்கிய 100 யூனிட் இன்சுலினை 20 கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 20 யூனிட் அல்ல, 50 யூனிட். அதாவது இரண்டரை மடங்கு. ஊர்க் குப்பிக்கு இங்கே வாங்கிய சிரிஞ்சைப் போட்டால் தலைகீழாக அளவு குறைந்துபோகும். போனில் இன்சுலின் பேச்சு வந்தால் "குப்பியில் 40 என்று எழுதியிருக்கிறதா, 100 என்றா? சிரிஞ்சில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டு, இரண்டையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

மருந்தின் பெயரும் நாட்டுக்கு நாடு மாறும். ஊரில் டோலோ, குரோசின். இங்கே பனடால். கனடாவில் டைலெனால். எல்லாம் பாராசிட்டமால்தான். "டோலோ போட்டும் காய்ச்சல் விடவில்லை" என்றதும் "பனடால் கொடு" என்று இங்கிருந்து யோசனை சொன்னால் ஒரே மருந்தை இரட்டிப்பாகக் கொடுத்ததாகிவிடும். நல்ல உடல்நிலையில் உள்ள பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்ச வரம்பு. கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும் மெலிந்த முதியவர்களுக்கும் அதிலும் குறைவு. கடைப் பெயரோடு அட்டையில் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரையும் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

அம்மா என்ன சொல்கிறார்?

இத்தனை பேர் பேசும்போது நோயாளியின் குரல் காணாமல் போய்விடுவது வழக்கம். வயதானால் உச்ச ஸ்தாயி ஒலிகள்தான் முதலில் காதில் மங்கும். சாதாரணத் தொலைபேசியோ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்துகிறது. அதற்கு மேலே இருக்கும் ச, ஸ போன்ற எழுத்துகளின் கூர்மை போய்விடும். இரண்டு பேர் சேர்ந்து பேசினால் அப்பா அம்மாவுக்கு எதுவுமே புரியாது. புரிந்தது போல "சரி, சரி" என்பார்கள். அந்த "சரி"யை நம்பாதீர்கள். ஒருவர் மட்டும், தன் பெயரைச் சொல்லிவிட்டு, நிதானமாகப் பேசுங்கள். கத்த வேண்டாம்.

அறுவை சிகிச்சை போன்ற முடிவென்றால் இது இன்னும் முக்கியம். இந்திய உச்ச நீதிமன்றம் 2008ஆம் ஆண்டு ஒரு தீர்ப்பு சொன்னது. டெல்லியில் ஒரு பெண் பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்டுப் படுத்திருந்தார். வெளியே இருந்த அவருடைய தாயாரிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு கருப்பையை அகற்றிவிட்டார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, சுய நினைவு திரும்பி முடிவெடுக்கக்கூடிய வயது வந்த ஒருவருக்காகத் தாய் கொடுத்த சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். பெற்ற தாய்க்கே இல்லாத உரிமை, போனில் இருக்கும் பிள்ளைகளுக்கு எப்படி வரும்? அம்மா தெளிவாக இருக்கும்போது முடிவு அவருடையது. நாம் விளக்கலாம், கேள்வி கேட்கலாம், செலவைப் பற்றிப் பயப்பட வேண்டாம் என்று தைரியம் சொல்லலாம்.

இந்தியாவில் 2020 மார்ச் 25 அன்று வெளியான தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகளும் இதையே பின்பற்றுகின்றன. தொலைபேசியில் டாக்டர் ஆலோசனை சொல்லலாம். நோயாளி கூட இல்லாமல் உறவினர் மட்டும் பேசுவதென்றால், நோயாளி குழந்தையாகவோ பேச இயலாத நிலையிலோ இருக்க வேண்டும், அல்லது அவர் கொடுத்த அனுமதிக் கடிதம் இருக்க வேண்டும். அப்பா நல்ல நிலையில் இருக்கும்போதே "என் உடல்நிலை பற்றி இந்த மகளிடம் பேசலாம்" என்று ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்து வாங்கி வைப்பது நல்லது. பிறகு அலைய வேண்டியிருக்காது.

பேசுகிறவர் உடம்பும் முக்கியம்

ரிசீவரைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு அரை மணி நேரம் எழுதினால் மறுநாள் கழுத்தைத் திருப்ப முடியாது. ஹெட்செட்டோ ஸ்பீக்கரோ பயன்படுத்துங்கள். தூரத்து அழைப்பென்றால் உரக்கப் பேசும் பழைய பழக்கம் நம்மை விட்டுப் போகவில்லை. இப்போது அது தொண்டைக்குத்தான் கேடு. பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள்.

துபாயிலிருந்து அல் இத்திஹாத் ரோட்டில் நத்தை வேகத்தில் திரும்பும்போது "இப்போ ஃப்ரீதான், பேசலாம்" என்று தோன்றும். கையில் போனோடு வண்டி ஓட்டினால் 800 திர்ஹாம் அபராதமும் நான்கு கரும்புள்ளியும். ஹேண்ட்ஸ்ஃப்ரீ போட்டாலும், அம்மாவின் ஆபரேஷன் பற்றிக் கேட்டுக்கொண்டே வண்டி ஓட்டும் மனம் சாலையில் இருக்காது. ஓரமாக நிறுத்த முடிந்த இடத்தில் நிறுத்திப் பேசுங்கள், இல்லாவிட்டால் வீடு வந்து பேசுங்கள்.

போனை வைத்த பிறகு

பத்து நிமிடத்துக்குள் எழுதியவர் ஒரே ஒரு செய்தியைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். தேதி, டாக்டர் சொன்னது, மாறிய மருந்து, மாறாத மருந்து, அடுத்து செய்ய வேண்டியது, அதைச் செய்பவர் யார். ஆறு வரி போதும். பக்கத்தில் இருப்பவர் அதைப் பார்த்து மாத்திரை டப்பாவைச் சரி செய்துவிட்டு "செய்துவிட்டேன்" என்று பதில் போட வேண்டும். அந்தப் பதில் வரும் வரை அழைப்பு முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கீழே உள்ளதைக் கத்தரித்து போன் பக்கத்தில் ஒட்டி வைக்கலாம்.

• அவசரமா? பக்கத்து வீட்டார் வழியாக 108. கான்ஃபரன்ஸ் பிறகு.
• பேசுபவர் ஒருவர், எழுதுபவர் ஒருவர். மற்றவர் மியூட்.
• ஹோல்டு வேண்டாம். இணைத்தவர் கடைசியாக வைக்க வேண்டும்.
• எண்ணோடு அலகு. மாத்திரையோடு மருந்தின் பெயர். இன்சுலினோடு சிரிஞ்ச்.
• டாக்டர் சொன்னதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும்.
• அம்மா அப்பாவிடம் கடைசியாக ஒரு கேள்வி: "உங்களுக்கு என்ன தோணுது?"

இந்த வார விடுமுறையில், எல்லோரும் நலமாக இருக்கும்போதே, டாக்டர் இல்லாமல் ஒரு ஒத்திகை அழைப்பு போட்டுப் பாருங்கள். யாருக்கு எந்தப் பொறுப்பு என்று அப்போதே பேசி முடிவு செய்துவிடலாம். அப்பா அம்மாவுக்கும் எல்லாப் பிள்ளைகளின் குரலையும் ஒன்றாகக் கேட்ட சந்தோஷம் கிடைக்கும்.